ஜரிகைக் கரையும் சிறுவன் கையும்

புரட்டாசி பிறந்து நவராத்திரி சமீபித்துவிட்டால், புதுச்சேரிக் கொசப்பாளையத்தில் கொலுப் பொம்மைகள் வரிசையாக வெயில் காயும் காட்சியை நின்று பாராமல் என்னால் நகர முடிவதில்லை. காகிதக் கூழை அச்சில் அழுத்தி, உலர்ந்த இரு பாதிகளை ஒட்டி, சுண்ணப் பசை பூசி, உப்புத்தாளால் தேய்த்து, வர்ணம் தீட்டிக் கடைசியில் கண் திறக்கும் அத்தொழிலில், பள்ளி விட்டு வந்த ஆண்பிள்ளைகளும் தகப்பனாருக்குப் பக்கத்தில் சம்மணமிட்டு, மூச்சை அடக்கிப் புருவக் கோடு இழுப்பதுண்டு.

ஆயினும், பொம்மைக்கு உடை தைப்பதில் ஒரு சிறுவன் அடையும் ஆனந்தத்தை நான் கண்ணாரக் கண்டது என் தம்பி வீட்டில்தான். பத்து வயதுப் பாலகன், தையற்காரர் ஒதுக்கிய பட்டுத் துண்டுகளை மடியில் பரப்பிக்கொண்டு, மரப்பாச்சி ராணியின் பாவாடை விளிம்பில் ஜரிகைக் கரை நேராக அமரும் வரையில், தைத்ததைப் பிரித்துப் பிரித்துத் தைத்தான். ஊசி குத்திய விரலை வாயில் வைத்தபடியே, "பெரியப்பா, கொசுவம் சரியா விழுந்திருக்கா, பாருங்க" என்றான். அந்தச் சிரத்தை அபூர்வமானது.

ஆண்பிள்ளைக்கு ஊசியும் நூலும் எதற்கென்று கேட்போர், இவ்வூர்ச் சரித்திரத்தை மறந்தே பேசுகிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிருந்து செனகல் தேசம் வரை கப்பலேறிய 'கினே' என்னும் நீலத் துணியிலும், 1898இல் தோன்றி ரோடியர் மில் என்று மக்கள் வழங்கிய ஆலையின் தறிகளிலும் எத்தனை ஆடவர் கரங்கள் உழைத்திருக்கின்றன!

மிஞ்சிய பட்டில் ராஜாவுக்குத் தலைப்பாகை சுற்றப்போகிறானாம்; அதில் செருக ஒரு மயிலிறகு வேண்டுமாம். நாளைக் காலையில் பெரிய மார்க்கெட்டுக்கு அவனை அழைத்துப் போகிறேன்.