கூரைமேல் மனிதனும் மூடப்பட்ட கோவைகளும்

துப்பறியும் கதை அடிப்படையில் ஓர் ஆறுதற் கதையாகும். குலைந்த ஒழுங்கு இறுதியில் மீள நிலைநாட்டப்படும் என்னும் நம்பிக்கையிலேயே அது எழுப்பப்படுகிறது. குற்றவாளி தனியன், சமூகம் குற்றமற்றது, பொலிஸ் அச்சமூகத்தின் காவலன். இம்மூன்று எடுகோள்களையும் ஏற்றுக்கொண்டாலன்றி அவ்வகைக் கதை இயங்குவதில்லை. முற்போக்கு விமரிசகர் பலர் அதனை வெறும் பொழுதுபோக்கென ஒதுக்கியமைக்கு இதுவும் ஒரு காரணமாகும். ஆயின், அதே உருவத்தைக் கையாண்டு அதன் எடுகோள்களைக் கேள்விக்குள்ளாக்கவும் இயலும் என்பதற்குச் சுவீடன் நாட்டு நெறியாளர் போ வீடர்பேர்க் 1976 இல் ஆக்கிய ‘கூரைமேல் மனிதன்’ என்னும் திரைப்படம் தக்க சான்றாகும்.

மாய் ஷோவால், பேர் வாலூ ஆகிய இருவரும் இணைந்தெழுதி 1971 இல் வெளிவந்த நாவலே இப்படத்தின் மூலமாகும். 1965 முதல் 1975 வரை அவர்கள் எழுதிய பத்து நாவல்களும் ‘ஒரு குற்றத்தின் நாவல்’ என்னும் பொதுத் தலைப்பின் கீழ் அமைந்தவை. மார்க்சிய நோக்குடைய அவ்விருவருக்கும் அத்தலைப்பிலுள்ள குற்றம் தனியொருவர் புரிந்த கொலையன்று. நலன்புரி அரசு என்னும் போர்வையின் கீழ் உழைக்கும் மக்கள் கைவிடப்பட்டமையே அவர்கள் கருதிய குற்றமாகும். நாவல் வரிசை தொடங்கிய 1965 ஆம் ஆண்டிலேயே சுவீடனில் நகராட்சிகளின் பொறுப்பிலிருந்த பொலிஸ் சேவை அரசமயமாக்கப்பட்டது. மக்களிடமிருந்து விலகி மையத்தில் குவிந்த இவ்வதிகாரத்தை அந்நாவல்கள் தொடர்ந்து விமரிசித்தன. 1932 முதல் பெரும்பாலும் இடையறாது ஆட்சிசெய்த சமூக ஜனநாயகக் கட்சி தேர்தலில் தோல்வியுற்ற ஆண்டிலேயே படமும் திரைக்கு வந்தமை மனங்கொள்ளத்தக்கது.

ஸ்ரொக்ஹோம் நகர மருத்துவமனையொன்றில் நோயாளியாய்க் கிடக்கும் நீமான் என்னும் பொலிஸ் அதிகாரி இரவில் துப்பாக்கிமுனைக் கத்தியாற் கொல்லப்படுகிறார். மார்ட்டின் பெக்கும் அவருடைய சகாக்களும் புலனாய்வில் இறங்குகின்றனர். கொலையாளியைத் தேடிச் செல்லும் அவர்கள் கொலையுண்டவரின் வரலாற்றையே கண்டெடுக்கின்றனர். நீமான் கைதிகளை வதைத்தவர். அவருக்கெதிராகப் பொதுமக்கள் எழுதிய முறைப்பாடுகள் பல. அவை யாவும் நடவடிக்கை எதுவுமின்றி மூடப்பட்ட கோவைகளாகக் கிடக்கின்றன.

படத்தின் மையம் இக்கோவைகளே என்பது எமது கருத்தாகும். நிர்வாகத்தின் தவறுகளை விசாரிக்கவென நாடாளுமன்றத்தால் நியமிக்கப்படும் ஒம்புட்ஸ்மன் என்னும் பதவியை உலகுக்கு அளித்த நாடு சுவீடன். அங்கு அப்பதவி 1809 இலேயே தோன்றியது. ஆகவே முறையிட வழியில்லாத நாடொன்றின் கதையன்று இது. வழி உண்டு, படிவம் உண்டு, பதிலும் தவறாது வருகிறது. ஆனால் முறைப்பாட்டுக்கு உள்ளான உத்தியோகத்தரின் விளக்கமும் அவருடைய சக உத்தியோகத்தரின் சாட்சியமுமே உண்மையைத் தீர்மானிக்கின்றன. இங்கு ஊழல் என்பது கையூட்டு அன்று. எவரும் பணம் பெறவில்லை. அவரவர் தத்தம் கடமையை விதிப்படி செய்திருக்கின்றனர். நிறுவனம் தன்னைத் தானே விசாரித்துத் தன்னைத் தானே விடுவித்துக்கொள்ளும் இம்முறைமையே ஊழலின் ஆழமான வடிவம் எனலாம்.

கொலையாளியான எரிக்சன் தானும் ஒரு காலத்திற் பொலிஸ் உத்தியோகத்தராக இருந்தவன். நீரிழிவு நோயாளியான அவனுடைய மனைவி இன்சுலின் இன்றி மயங்கி விழுந்தபோது குடிபோதையில் இருப்பவள் எனக் கருதப்பட்டுத் தடுப்பறையில் இடப்பட்டாள். மருத்துவ உதவியின்றி மாண்டாள். அம்மரணத்துக்கும் எவரும் பொறுப்பேற்கவில்லை. முறையீடுகளாற் பயன்காணாத அவன் துப்பாக்கிகளுடன் ஓடன்பிளான் சதுக்கத்தை அண்டிய கட்டடமொன்றின் கூரையிலேறிப் பொலிஸாரைச் சுடத் தொடங்குகிறான்.

முற்பகுதி நிதானமான புலனாய்வாகவும், பிற்பகுதி ஹெலிகொப்டர் விழுந்து நொறுங்கும் பரபரப்புக் காட்சிகளாகவும் அமைவதால் படம் இரண்டாகப் பிளவுபடுகிறது எனவும், பின்பாதி அமெரிக்கப் பாணிக்கு இரையாகிறது எனவும் குறைகூற இடமுண்டு. எனினும் இவ்விரு பகுதிகளும் காரண காரியத் தொடர்புடையவை. கோவைகளில் எழுத்தாய்க் கிடந்த வன்முறையே கூரையில் ஓசையாய் வெடிக்கிறது. முறையீடுகளை அலட்சியம் செய்த அதே அதிகாரத் தோரணையே துப்பாக்கிதாரிக்கெதிரான பெரும் நடவடிக்கையையும் திட்டமிடுகிறது. அதுவும் தோல்வியில் முடிகிறது. வீடர்பேர்க் எரிக்சனை வீரனாக்கவுமில்லை. அவனுடைய குண்டுகள் கோவைகளை மூடிய மேலிடத்தை எட்டுவதில்லை. வீதியில் நிற்கும் சாதாரண ரோந்துக் காவலரையே வீழ்த்துகின்றன. நீதி மறுக்கப்பட்டவனின் கோபம் நியாயமானது. அவனுடைய செயல் நீதியாகாது. இவ்விரண்டையும் ஒருங்கே உணர்த்துவதிலேயே படத்தின் நேர்மை தங்கியுள்ளது.

நீமான் என்னும் ஒருவரைக் கொடியவராகக் காட்டி நிறுவனத்தைத் தப்பவிடுகிறதா இப்படம்? இல்லை என்றே கூறவேண்டும். நீமானின் இயல்பைச் சக உத்தியோகத்தர் அறிந்தேயிருந்தனர், அறிந்தும் வாளாவிருந்தனர். களைப்புற்ற, மனிதப் பண்புகள் நிறைந்த இந்நல்லவர்களின் மௌனமே நீமானுக்கு அரணாயிற்று. நகைச்சுவை நடிகராகப் புகழ்பெற்ற கார்ல்-குஸ்தாவ் லின்ட்ஸ்டெட்டைப் பெக் பாத்திரத்துக்குத் தெரிந்தமையும் பொருத்தமானதே. கூரையை நோக்கித் தனியே ஏறும் பெக்கின் செயல், அம்மௌனத்துக்கான கடனைத் தன் உடலாற் செலுத்த முனையும் செயலாகவே தோன்றுகிறது. அவரும் சுடப்பட்டு வீழ்கிறார்.

படத்தின் உண்மையான குறை வேறோரிடத்து உளது. வீடர்பேர்க் 1969 இல் ஆக்கிய ‘ஓடாலன் 31’, 1931 மே 14 ஆம் திகதி வேலைநிறுத்தத்தை ஒட்டிய தொழிலாளர் ஊர்வலத்தின் மீது இராணுவம் சுட்டு 5 பேரைப் பலிகொண்ட நிகழ்வைச் சித்திரித்தது. அங்கு அரசை எதிர்கொண்டது ஒரு வர்க்கம். துயரமும் எதிர்ப்பும் கூட்டாக வெளிப்பட்டன. 1976 இலோ மக்கள் திரள் வேடிக்கை பார்ப்போராகக் கீழே நிற்க, எதிர்ப்பு ஒரு மனிதனாகச் சுருங்கிக் கூரையில் ஒடுங்குகிறது. முறையிட்டோர் பலராயினும் ஒருவரை ஒருவர் அறியார். கோவைகள் அடுக்கில் அருகருகே இருக்க, அவற்றை எழுதியோர் தனித்தனியே இருந்தனர். இத்தனிமையைப் படம் காட்டுகிறது. அதன் காரணத்தை ஆராயவில்லை.

1984 இல் லெய்வ் பேர்சனின் நாவலைத் தழுவி வீடர்பேர்க் ஆக்கிய ‘மயோர்க்காவிலிருந்து வந்த மனிதன்’ இன்னும் ஒரு படி செல்கிறது. தபாலகக் கொள்ளையொன்றின் தடயங்கள் அதிகாரபீடத்தின் உயர்மட்டத்தை நோக்கிச் செல்ல, புலனாய்வு மேலிடத்தால் முடக்கப்படுகிறது. அங்கு கூரையிலேறவும் எவருமில்லை. கோவை மட்டுமே மூடப்படுகிறது.

‘கூரைமேல் மனிதன்’ எரிக்சன் பிடிபடுவதோடு சட்டென முடிகிறது. நீதிமன்றமோ தீர்ப்போ இல்லை. குலைந்த ஒழுங்கு மீண்டது என்னும் ஆறுதலும் இல்லை. துப்பாக்கி பறிக்கப்பட்டது, முறைப்பாடுகள் பதிலின்றியே கிடக்கின்றன. அவற்றை மீளத் திறக்கவேண்டியவர் யார் என்னும் வினாவைப் பார்வையாளரிடம் விட்டுச்செல்வதனாலேயே, துப்பறியும் கதையின் எல்லையைக் கடந்து சமூக விமரிசனமாக இப்படம் நிலைபெறுகின்றது.