வந்து செல்லும் நகைமாந்தர்: பாவைக்கூத்து முதல் தொலைக்காட்சித் தொடர் வரை

முன்னுரை

தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களைப் பற்றிய பேச்சில் தலைமை மாந்தரே பெரிதும் இடம்பெறுவர். ஆயின், தொடர் முடிந்து பல்லாண்டுகள் கழிந்த பின்னும் பார்வையாளர் நினைவில் நிற்போருள் பலர், எப்போதோ ஒரு பகுதியில் தோன்றி, வீட்டின் அமைதியைக் குலைத்து, மீண்டும் மறைந்துபோகும் சிறுமாந்தரே ஆவர். அவர்கள் கதைக்குடும்பத்தைச் சேர்ந்தோரும் அல்லர்; முற்றிலும் அயலாரும் அல்லர். இத்தகையோரை இக்கட்டுரை ‘வந்து செல்லும் நகைமாந்தர்’ எனச் சுட்டுகிறது. இவர்களை அயல்நாட்டுத் தொடர்களின் உத்தியாக மட்டும் காண்பது பொருந்தாது. தென்னக நிகழ்த்துகலைகளில் இவர்களுக்கு இணையான இரு வடிவங்கள் உள்ளன என்பதையும், அவ்விணைப்பில் தொலைக்காட்சி கைவிட்டது யாது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கூத்தில் இரு வடிவங்கள்

முதல் வடிவம் தோற்பாவைக் கூத்தில் காணப்படுவது. தமிழகத் தோற்பாவைக் கூத்தின் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் இராமாயணக் கதைக்கு உரியவர்கள் அல்லர். எனினும் எந்நாள் எக்காண்டம் நிகழினும் திரையில் தோன்றுவர். தோன்றியதும் கதை நிற்கும், சிரிப்பு எழும். அவர்கள் மறைந்ததும் கதை தொடரும். ஆந்திரத்துத் தோலுபொம்மலாட்டத்தில் கேத்திகாடு, ஜுட்டுப் போலிகாடு, பங்காரக்கா ஆகியோர் இவ்விடத்தைப் பெறுகின்றனர். கதை மாறும், இவர்கள் மாறார். திரைக்குப் பின்னிருக்கும் கலைஞர் ஒருவரே பல பாவைகளுக்குக் குரல் கொடுப்பதால், பாவையின் உருவத்தோடு குரலும் சேர்ந்தே மாந்தரின் அடையாளமாகிறது.

இரண்டாம் வடிவம் தெருக்கூத்தின் கட்டியக்காரன். திரைக்குப் பின் நிற்கும் அரசனை விளித்து, யார் என வினவி, அவைக்கு அறிமுகம் செய்பவன் அவன். அவனே காவலன், தூதன், ஏவலன் எனப் பல சிறுவேடங்களையும் ஏற்கிறான். வேடம் மாறினும் ஆள் ஒருவனே என்பதைப் பார்வையாளர் அறிவர். அவ்வறிவே நகைக்கு நிலைக்களன் ஆகிறது.

முதல் வடிவத்தை ‘மாறா மாந்தர்’ என்றும், இரண்டாவதை ‘மாறும் மாந்தர்’ என்றும் குறிக்கலாம்.

தொலைக்காட்சியில் மாறா மாந்தர்

மாறா மாந்தருக்குத் தக்க சான்று, அமெரிக்காவில் 1994 முதல் 2004 வரை ஒளிபரப்பான ‘ஃப்ரெண்ட்ஸ்’ தொடரின் ஜானிஸ். மேகி வீலர் ஏற்ற இப்பாத்திரம், 236 பகுதிகளுள் மிகச் சிலவற்றிலேயே இடம்பெறுகிறது. ஆயினும் பத்துப் பருவங்களிலும் ஏதேனும் ஒரு வகையில் வந்துவிடுகிறது. மூக்கொலி கலந்த குரல், அடுக்கடுக்காய் எழும் சிரிப்பு, கடவுளை விளிக்கும் வியப்புத் தொடர் ஆகிய மூன்றே அவரது அடையாளங்கள். ஆறாம் பருவத்தில் அவர் நேரில் தோன்றவில்லை. ஒலிநாடாவில் குரல் மட்டும் கேட்கிறது. அதுவே போதுமானதாக அமைந்தது. பாவைக்கூத்தில் குரலுக்குரிய ஆற்றல் இங்கும் தொழிற்படுவதைக் காணமுடிகிறது.

பத்தாம் பருவத்தில் ஜானிஸ், சாண்ட்லர்–மோனிகா இணையர் வாங்கவிருக்கும் வீட்டுக்கு அடுத்த வீட்டையே வாங்க முனைகிறார். அதனைத் தடுக்க அவர்கள் படும் பாடே நகையாகிறது. வந்து செல்பவர் நிலையாகத் தங்கிவிடுவாரோ என்னும் அச்சத்தையே தொடர் நகைப்பொருளாக்குகிறது. வருகையைப் போலவே நீங்குதலும் இம்மாந்தரின் இலக்கணம் என்பது இதனால் புலனாகிறது.

தெலுங்கில் 2001 முதல் 2007 வரை ஜெமினி தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ‘அமிர்தம்’ வேறொரு கோணத்தில் கருதத்தக்கது. தலைமைப் பாத்திரமான அமிர்தராவை சிவாஜி ராஜா, நரேஷ், ஹர்ஷவர்தன் ஆகியோர் அடுத்தடுத்து ஏற்றனர். ஆட்டுவிப்பவர் மாறினும் பாவை மாறாததைப் போல, நடிகர் மாறினும் பாத்திரம் நிலைத்தது. நண்பன் அஞ்சியாகக் குண்டு ஹனுமந்தராவும், வீட்டு உரிமையாளர் அப்பாஜியாகச் சிவநாராயணாவும் அத்தொடருக்கு நிலையான முகம் தந்தனர். வாடகை வீட்டுக்குள் உரிமையோடு நுழையும் வீட்டுக்காரர், வந்து செல்லும் மாந்தருக்குரிய பணியைத் தொடருக்குள்ளேயே செய்துவிடுகிறார்.

தொலைக்காட்சியில் மாறும் மாந்தர்

தூர்தர்ஷனில் 1984இல் தொடங்கிய ‘யே ஜோ ஹை ஜிந்தகி’ என்னும் இந்தித் தொடர், கட்டியக்கார மரபுக்கு அணுக்கமானது. ஷரத் ஜோஷி எழுதிய அத்தொடரில் சதீஷ் ஷா பகுதிதோறும் புதியதொரு வேடத்தில் வந்தார். 55 பகுதிகளில் 55 வேடங்கள் என அவர் புகழ் பெற்றார். குடும்பம் அதே குடும்பம். கதவைத் தட்டுபவர் மட்டும் ஒவ்வொரு முறையும் வேறொருவர். ஆயினும் முகம் ஒன்றே. குடும்பத்தார் அவரை அறியார், பார்வையாளர் அறிவர். இவ்வறிவு வேறுபாடே நகையைப் பிறப்பிக்கிறது.

தமிழில் விஜய் தொலைக்காட்சியின் ‘லொள்ளு சபா’ இரு வடிவங்களையும் ஒன்றாக்கியது. கேலிக்குரிய திரைப்படம் மாறும். சந்தானம், சுவாமிநாதன், மனோகர் முதலியோர் வேடமும் மாறும். ஆனால் மனோகரின் வெட்டி வெட்டி இயங்கும் கையசைவும் நீட்டிப் பேசும் முறையும் எவ்வேடத்திலும் மாறுவதில்லை. மேடையில் கிரேஸி மோகன் நாடகத்துக்கு நாடகம் மாது, சீனு, ஜானகி என்னும் பெயர்களை மீண்டும் வழங்கியதும் இவ்வகையில் ஒப்புநோக்கத்தக்கது. கதை புதிது, ஆள் பழகியவர் என்னும் உறுதியைப் பெயரே தந்துவிடுகிறது. சன் தொலைக்காட்சியின் ‘சின்ன பாப்பா பெரிய பாப்பா’ தொடரின் மையம் குடும்பப் பூசலே. எனினும் எம்.எஸ். பாஸ்கர் ஏற்ற பட்டாபி என்னும் பெயர் தொடர் முடிந்த பின்னும் அவரை விட்டு நீங்கவில்லை. 2025இல் ‘பார்க்கிங்’ திரைப்படத்துக்காகத் தேசிய விருது அறிவிக்கப்பட்ட நடிகரைப் பட்டாபி என நினைவுகூரும் பார்வையாளர் இன்றும் உளர்.

எள்ளலின் திசை

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு நிலைக்களன்களை வகுக்கிறது. வந்து செல்லும் மாந்தரிடம் எள்ளலே மிகுதி. இங்கு எழும் வினா, எள்ளுபவர் யார், எள்ளப்படுபவர் யார் என்பதாகும்.

கட்டியக்காரன் அரசனை எள்ளுகிறான். உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் தம்மைத் தாமே எள்ளிக்கொள்வதோடு, ஊர் நடப்பையும் பேச்சுவழக்கில் எள்ளுவர். வெளியிலிருந்து வருபவனுக்கு உள்ளிருப்போரை நகைக்கும் உரிமை வழங்கப்பட்டிருந்தது. தொலைக்காட்சியிலோ இத்திசை பெரும்பாலும் திரும்பிவிடுகிறது. வருபவரின் உடலும் பேச்சும் நகைப்பொருளாகின்றன, உள்ளிருப்போர் நகைக்கின்றனர். தமிழ்த் திரையும் சின்னத்திரையும் வழிவழியாகக் கையாளும் வட்டிக்கடைச் சேட்டு, தேநீர்க்கடை நாயர் ஆகியோரைக் கருதினால் இது விளங்கும். அவர்களது அறிவோ செயலோ அன்று, தமிழை அவர்கள் ஒலிக்கும் முறையே அங்கு நகைக்குக் காரணமாகிறது.

ஆந்திரம், தமிழகம், கருநாடகம் ஆகிய மூன்றும் சந்திக்கும் சாந்திபுரம், குப்பம் வட்டாரத்தில் இச்சிக்கல் கூர்மை பெறுகிறது. திராவிட மொழிகளுக்கென ஒரு பல்கலைக்கழகம் 1997இல் குப்பத்தில் நிறுவப்பட்டமைக்கு இம்மொழிச் சந்திப்பே பொருத்தம் தந்தது. இங்கு ஒரு தொடரில் இரு மொழிச் சொற்கள் கலப்பது பிழையன்று, அன்றாட வழக்கு. சித்தூர்ப் பகுதியின் திரௌபதி அம்மன், தர்மராசர் கோயில்களில் நிகழும் பாரத விழாக்களில் பகலில் கதையும் இரவில் கூத்தும் நடைபெறுகின்றன. துரியோதனன் படுகளத்தைக் காணத் தமிழரும் தெலுங்கரும் ஒருங்கே கூடுகின்றனர். அவ்வவையில் இரு மொழியும் அறிந்தவனே சிறந்த நகைஞன். அவனுக்கு ஆற்றலாக அமையும் அதே கலப்பு, தொலைக்காட்சியில் குறைபாடாகிவிடுகிறது. வீட்டில் பேசும் தமிழைத் திரையில் நகைப்பொருளாக மட்டுமே கேட்கும் எல்லைப்புறக் குழந்தை, அத்தமிழைப் பொதுவிடத்தில் பேச நாணுமாயின், அதனைச் சிறு இழப்பெனக் கொள்ளலாகாது. வழக்கு மொழி ஒன்று மறையத் தொடங்கும் இடம் அதுவே.

இதனால் நகையில் எள்ளலே கூடாது என்பது கருத்தன்று. ஜானிஸின் குரல் எள்ளப்படுகிறது. ஆயினும் தாம் எள்ளப்படுவதை அவர் பொருட்படுத்துவதில்லை. தம் இயல்போடு வந்து, தம் இயல்போடு செல்கிறார், நிலைகுலைவோர் வீட்டாரே. எள்ளப்படும் மாந்தருக்கும் அவையில் வெற்றி உண்டு என்பதே அவரை நினைவில் நிறுத்துகிறது. சேட்டுக்கும் நாயருக்கும் இவ்வெற்றி பெரும்பாலும் வழங்கப்படவில்லை. எனவேதான் அவர்கள் வகைகளாக நின்றனர், மாந்தராக வளரவில்லை.

முடிவுரை

வந்து செல்லும் நகைமாந்தர், பாவைக்கூத்தின் மாறா மாந்தராகவும் தெருக்கூத்தின் மாறும் மாந்தராகவும் முன்னரே தென்னகத்தில் நிலைபெற்றவர்கள். அறியத்தக்க குரலும் அசைவும், மாறா இயல்பு, உரிய வேளையில் நீங்குதல் ஆகிய மூன்றும் அவர்களை நினைவில் நிறுத்துகின்றன. கூத்து அவர்களுக்கு அளித்த நான்காவது கூறு, உள்ளிருப்போரை நகைக்கும் உரிமை. தொலைக்காட்சி முதல் மூன்றையும் பேணி, நான்காவதைப் பெரும்பாலும் கைவிட்டது. நகைச்சுவைத் தொடர்களை மதிப்பிடும் ஆய்வாளர் எவ்வளவு சிரிப்பு எழுந்தது என்பதோடு, அச்சிரிப்பு எத்திசையில் சென்றது என்பதையும் கருதுதல் வேண்டும்.