மயங்கும் ஆங்கிலச் சொற்களும் நம் மாணாக்கர் செவியும்

ஆங்கிலத்தில் மயக்கந்தரும் சொற்களை இணை இணையாக அடுக்கித் தரும் துணைநூல்கள் நம் பள்ளிகளில் மிகுதியாக வழங்குகின்றன. நம் பிள்ளைகளுக்கு அவை அரைப்பயனே தருகின்றன என்பது என் கருத்து. காரணமும் கூறுவேன்.

'அட்வைஸ்' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். அறிவுரை எனப் பெயராக நிற்குங்கால் அதனைச் 'சீ' எழுத்திட்டும், அறிவுரை கூறு என வினையாக நிற்குங்கால் 'எஸ்' எழுத்திட்டும் எழுதவேண்டும். துணைநூல்கள் இதனை எழுத்துப்பிழை என்னும் தலைப்பில் அடக்கிவிடுகின்றன. ஆங்கிலேயர் வாயிலோ இவை இரண்டும் வேறு வேறு ஒலியுடையவை. பெயரின் இறுதி வெறுங் காற்றொலி. வினையின் இறுதி வண்டு முரல்வது போன்ற அதிர்வொலி. விலையைக் குறிக்கும் 'பிரைஸ்', பரிசைக் குறிக்கும் 'பிரைஸ்' ஆகியவையும் இத்தகையனவே. (இவ்விரண்டும் ஒரே பழைய பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்த உடன்பிறப்புகள் என்பது வேறு கதை.) 'தளர்ந்த' என்னும் 'லூஸ்', 'இழ' என்னும் 'லூஸ்' ஆகியவற்றையும் இவற்றோடு சேர்க்கலாம்.

தமிழில் அந்த அதிர்வொலிக்கு எழுத்தில்லை. நம் வல்லினம் நிற்கும் இடத்திற்கேற்ப வலித்தும் மெலிந்தும் ஒலிக்குமேயன்றி, அதனாற் பொருள் வேறுபடுவதில்லை. கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் இவ்வியல்பை எடுத்துரைத்துள்ளார். ஆகவே 'பேக்' என்றால் முதுகா, பையா என்று நம் சிறுவன் திகைப்பது, தாய்மொழியிற் பழகிய செவியின் இயல்பு. அவனைக் கவனமற்றவன் என்று கடிந்து நூறு முறை எழுதச் செய்வது கொடுமை. செவி கேளாத வேறுபாட்டைக் கை எங்ஙனம் எழுதும்?

இதற்கு மருந்து நம்மிடமே உண்டு. ஆங்கிலத்தில் அதிர்வொலிக்கு முன்வரும் உயிர் சற்று நீண்டொலிக்கும்; அதிராத ஒலிக்கு முன் குறுகும். பையைச் சொல்லுங்கால் உயிர் நீளும். முதுகைச் சொல்லுங்கால் சட்டென்று நிற்கும். குறில் நெடில் அறிந்து வளர்ந்த செவிக்கு இந்த மாத்திரை வேறுபாடு விரைவிற் பிடிபடும் என்பது என் துணிபு. தொண்டையில் விரல் வைத்து அதிர்வைத் தொட்டறியச் செய்தல் அடுத்த படி. எழுத்து அதன் பின்னரே.

இனி, ஆங்கிலேயரே ஒன்றாக ஒலிப்பவை சில உள. எழுதுபொருளைக் குறிக்கும் 'ஸ்டேஷனரி', நகராதது என்று பொருள்படும் 'ஸ்டேஷனரி' அவ்வகையின. இங்கே செவி உதவாது, சொல்வரலாறு உதவும். ஊர் ஊராகத் திரியாமல் ஓரிடத்திற் கடைவைத்துப் புத்தகம் விற்றவனை இடைக்காலத்தில் 'ஸ்டேஷனர்' என்றனர். அவன் பெயரின் ஈற்றிலுள்ள 'ஈ' எழுத்தே அவன் விற்கும் பொருளின் பெயரிலும் நிற்கிறது. 'பிரின்சிபல்' இணைக்கோ, 'தலைமையாசிரியர் உன் தோழர். தோழனைக் குறிக்கும் சொல் அதன் ஈற்றில் ஒளிந்திருக்கிறது' என்று ஒரு நினைவுக்குறிப்பைச் சொல்லித் தருகிறார்கள். தலைமையாசிரியனாகிய எனக்கே அதில் நம்பிக்கையில்லை. பிள்ளைகளுக்கு எங்கே வரப்போகிறது!

'பிராக்டிஸ்' இவ்விரு வகைக்கும் பாலமாவது. பெயரும் வினையும் ஒரே ஒலி. எழுத்து மட்டும் வேறு. (அமெரிக்கர் இரண்டையும் 'சீ' இட்டே எழுதுவர், நாம் பின்பற்றுவது பிரிட்டிஷ் வழக்கு.) 'அட்வைஸ்' இணையை முதலிற் செவியால் அறிந்த மாணவன், பெயருக்குச் 'சீ', வினைக்கு 'எஸ்' என்னும் நெறியை இதற்கும் கொண்டுசெல்வான். முறை மாறினால் இரண்டும் குழம்பும். நம் பிள்ளைகளின் செவியறிந்து, முன்னது எது பின்னது எது என்று வகுத்துக் காட்டும் நூலொன்றை ஆசிரியருள் எவரேனும் எழுதுவாராயின், முதற்படியை விலைகொடுத்து வாங்க நான் காத்திருக்கிறேன்.