மூடுபனி நாட்டுக்கு ஒரு முதல் கேமரா

நாமக்கல் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியாகக் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் பரந்திருக்கும் கொல்லிமலையில், திண்ணனூர் நாடு போன்றதொரு ஊரிலிருந்து ஒளிப்படம் எடுக்கக் கற்பவருக்கு, விளம்பரங்கள் முதலில் சொல்லும் மெகாபிக்சல் கணக்கு எதையும் தீர்த்துவைப்பதில்லை. தொடக்கநிலையாளர்களிடையே பெரிதும் பேசப்படும் கேனன் நிறுவனத்தின் 1500டி (2018), 200டி இரண்டாம் பதிப்பு (2019), ஆர்100 (2023) ஆகிய மூன்றுமே 24.1 மெகாபிக்சல் கொண்டவை. ஒளியை வாங்கி மின்குறிகளாக மாற்றும் உணரியும் மூன்றிலும் ஏபிஎஸ்-சி எனப்படும் ஒரே வகையைச் சேர்ந்தது. ஏறத்தாழ 22.3 மி.மீ. அகலமும் 14.9 மி.மீ. உயரமும் உடைய அவ்வுணரி, மலிவான பாக்கெட் கேமராக்கள் பலவற்றில் உள்ள உணரியைவிடப் பரப்பில் ஏறக்குறைய 12 மடங்கு பெரியது என்பதால், எதை வாங்கினாலும் படத்தின் அடிப்படைத் தரம் குறையாது. இவற்றுள் எது தகும் என்பதை மலையின் பனியும் நிழலும் ஈரமுமே முடிவுசெய்கின்றன.

பனியை முதலில் எடுத்துக்கொள்ளலாம். கேமராவின் ஒளிமானி, தன் முன்னுள்ள காட்சி நடுத்தரச் சாம்பல் நிறமுடையது என்று கொண்டு கணக்கிடுவதால், வெண்மையான மூடுபனியைக் கண்டதும் வெளிச்சம் மிகுதி எனக் கருதிப் படத்தை இருளச்செய்துவிடுகிறது. வெளிச்சத் திருத்தம் எனப்படும் அமைப்பை ஒரு படி அல்லது அதற்குச் சற்றுக் கூடுதலாக உயர்த்தினால் பனி தன் வெண்மையை மீளப் பெறும். இதைக் கற்பிப்பதில் கருவிகள் வேறுபடுகின்றன. 1500டி, 200டி இரண்டாம் பதிப்பு ஆகியவற்றின் காட்சித்துளை கண்ணாடிகள் வழியாக நேரே காட்சியைக் காட்டுவது. எனவே அதன் வழியே எடுத்தால் படம் இருண்டுபோனது எடுத்த பின்னரே தெரியவரும். ஆர்100 கண்ணாடி இல்லாத கேமரா. அதன் மின்னணுக் காட்சித்துளை உருவாகப்போகும் படத்தின் வெளிச்சத்தை முன்கூட்டியே காட்டுவதால், திருத்தத்தை மாற்ற மாற்ற அதன் விளைவு கண்முன் தெரிகிறது. மற்ற இரண்டிலும் இவ்வசதியைப் பின்புறத் திரையில் பெறலாம். பனியில் பழகுபவருக்கு இந்த முன்காட்சியைவிடச் சிறந்த ஆசிரியர் இல்லை என்றே சொல்ல வேண்டும்.

குவியத்தில் 1500டி பின்தங்குகிறது. அதன் காட்சித்துளையிலும் 200டி இரண்டாம் பதிப்பின் காட்சித்துளையிலும் 9 குவியப் புள்ளிகளே உள்ளன. அவற்றுள் நடுப்புள்ளி மட்டுமே நெடுக்கும் குறுக்குமான கோடுகளை ஒருசேர உணரவல்லது. ஆனால் திரையைப் பார்த்து எடுக்கும்போது 1500டி மெதுவாகவே குவியம் பிடிக்கிறது. மற்ற இரண்டிலும் உணரியிலேயே குவியம் அறியும் தொழில்நுட்பம் இருப்பதால், திரையில் பார்த்து எடுக்கையில் முகத்தையும் கண்ணையும் அவை விரைந்து கண்டுகொள்கின்றன. ஆயினும் அடர்ந்த பனியில் எக்கருவியும் தடுமாறும் என்பதால், அடிமரம், வேலிக்கல் போன்று விளிம்பு தெளிவாகத் தெரியும் ஒன்றின்மீது குவியம் வைப்பதே நல்லது.

நிழலின் கதை இன்னும் நுட்பமானது. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி படர, அவற்றின் அடியில் காபிச் செடிகள் வளரும் தோட்டங்களுக்குள் நண்பகலிலும் வெளிச்சம் குறைவு. அங்கே கேமராவின் உடலைவிட லென்ஸே முதன்மை பெறுகிறது. லென்ஸின் திறப்பைக் குறிக்கும் எஃப் எண் சிறியதாக இருந்தால் திறப்பு பெரியது, உள்ளே வரும் ஒளியும் மிகுதி. ஆர்100 உடன் வழக்கமாகத் தரப்படும் 18-45 மி.மீ. லென்ஸ், முழுமையாக நீட்டிய நிலையில் எஃப்/6.3 அளவுக்கே திறக்கும், 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் அதைவிட ஏறத்தாழ 12 மடங்கு ஒளியை உள்ளே விடும். முன்னதில் நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் ஒளி தேவைப்படும் இடத்தில், பின்னதில் 125இல் ஒரு பங்கு நேரமே போதும் என்றால், காற்றில் அசையும் சாமைக் கதிர் மங்கலாகப் பதிவதும் தெளிவாகப் பதிவதும் இந்த ஒரு வேறுபாட்டில்தான் இருக்கிறது. உடன்வரும் லென்ஸில் உள்ள அதிர்வுத் தடுப்பு கை நடுக்கத்தை ஈடுசெய்யுமே ஒழிய, கதிரின் அசைவை நிறுத்தாது. ஆகவே பணம் அளவாக உள்ளவர் விலைகுறைந்த உடலையும் இந்த 50 மி.மீ. லென்ஸையும் சேர்த்து வாங்குவதே அறிவுடைமை. 1500டி, 200டி ஆகியவற்றுக்கான பழைய வகை லென்ஸ்கள் பயன்படுத்தியவற்றின் சந்தையில் தாராளமாகக் கிடைக்கின்றன. அவற்றை ஆர்100இல் பொருத்துவதற்கு இணைப்பான் ஒன்றைத் தனியே வாங்க வேண்டும்.

எடையில் ஆர்100 (356 கிராம்) மற்ற இரண்டையும் (475, 449 கிராம்) வெல்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி ஏற வேண்டிய ஆகாய கங்கை அருவிக்குச் செல்வோர் இதை உணர்வர். மின்கலத்தில் நிலை வேறு: காட்சித்துளை வழியாக எடுக்கையில் 200டி இரண்டாம் பதிப்பு ஒரே மின்னேற்றத்தில் சுமார் 1070 படங்கள் தருவதாகவும், 1500டி சுமார் 500 தருவதாகவும் நிறுவனம் கணக்கிட்டுள்ளது, ஆர்100 340 அளவிலேயே நின்றுவிடுகிறது. திரையைப் பார்த்தே எடுத்தால் 200டியின் எண்ணிக்கையும் 320 ஆகச் சுருங்கும் என்பதை மறக்கலாகாது. அருவியின் சாரல் எந்தக் கருவிக்கும் ஆகாது, ஏனெனில் மூன்றிலும் நீர்புகாப் பாதுகாப்பு இல்லை. காணொளியே முதன்மை நோக்கம் என்பவர், வெளி ஒலிவாங்கியைச் செருக வழியில்லாத 1500டியை விட்டுவிடலாம்.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், திருப்பக்கூடிய தொடுதிரை உடையதும், நிலத்தை ஒட்டிய கேழ்வரகுக் கதிரைப் படுக்காமலே எடுக்க உதவுவதுமான 200டி இரண்டாம் பதிப்பே, நல்ல நிலையில் பயன்படுத்தியதாகக் கிடைத்தால் முதல் இடத்துக்கு உரியது. புதிதாகத்தான் வேண்டும் என்பவருக்கு ஆர்100 ஏற்றது. அதன் திரை அசையாததும் தொடுவசதி அற்றதுமாக இருப்பது உண்மையான குறையே. 1500டி, பணம் வேறெதற்கும் இடம்கொடாதபோது மட்டும் கொள்ளத்தக்கது.

பயன்படுத்தியதை வாங்குவோர், ஈரப்பதம் மிகுந்த மலைக்காற்றில் லென்ஸின் உட்கண்ணாடிமீது படரும் பூஞ்சையைத் தேடிப் பார்த்தே விலை பேச வேண்டும். லென்ஸின் பின்புறமிருந்து கைவிளக்கொளியைப் பாய்ச்சி முன்புறம் சாய்வாக நோக்கினால், சிலந்தி நூல் போன்ற கிளைத்த இழைகள் புலப்படும்; அவை தென்பட்டால் வாங்காமலிருப்பதே நலம். திறப்பை எஃப்/16க்குச் சுருக்கி வெளிர்வானத்தைப் படமெடுத்துப் பெரிதாக்கிக் கண்டால் உணரியில் ஒட்டிய தூசி கரும்புள்ளிகளாகத் தெரியும். அது தூய்மைசெய்யக்கூடிய குறை. வாங்கிய பின் கேமராவைத் தோல் உறைக்குள் நெடுநாள் அடைத்துவைக்காமல், ஈரமுறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளுடன் காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, அப்பைகளை அவ்வப்போது சூடாக்கி உலர்த்திவந்தால் லென்ஸ் பல ஆண்டுகள் பழுதின்றி இருக்கும்.