துரையும் துண்டும்: மலையகப் புனைகதையில் இரு நோக்குகள்

மலையகத் தோட்ட வாழ்வைப் பொருளாகக் கொண்ட தமிழ்ப் புனைகதைகளை ஆராய முற்படுவோர் புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’யிலிருந்து தொடங்குவது மரபாகிவிட்டது. 1935இல் ‘மணிக்கொடி’யில் வெளிவந்த அக்கதை, இலங்கைத் தோட்டத்தை நேரிற் கண்டிராத ஒருவரின் ஆக்கமாகும். அது பெற்ற புகழ் தகுதியானதே. எனினும், தோட்டத்தை ஆண்டது எது என்ற வினாவுக்கு அது தரும் விடை போதுமானதா என்பது ஆராயற்பாலது.

திருநெல்வேலிச் சீமையின் சாதிக்கொடுமையும் வறுமையுமே மருதியைக் கடல் கடக்கச் செய்கின்றன. துன்பத்தின் ஊற்று பிறந்த ஊரிலேயே உள்ளதெனக் காட்டியமை வெளியார் நோக்கின் வலிமையாகும். ஆனால், மருதி தோட்டத்தை அடைந்ததும் கொடுமை பெரும்பாலும் ஒரு வெள்ளை அதிகாரியின் காமமாகச் சுருங்கிவிடுகிறது. அவன் நல்லவனாயிருந்தால் அவள் தப்பியிருப்பாள் என்றே வாசகன் எண்ண நேர்கிறது.

தோட்டத்தின் நடைமுறையோ இதனினும் நுட்பமானது. விடியலிற் பிரட்டுக்களத்தில் நிற்றல், செக்ரோலிற் பெயர் விழுதல், குறித்த அளவு கொழுந்து எடுக்காதவருக்கு அரைப்பேர் போடுதல் ஆகியன எவருடைய சினத்தையும் வேண்டி நிற்பனவல்ல. 1921இல் ஒழிக்கப்பட்ட துண்டு முறையும் அத்தகையதே. கடன்தொகை குறிக்கப்பட்ட அத்துண்டின்றித் தொழிலாளி வேறு தோட்டத்தில் வேலை பெற இயலாதிருந்தது. துரை நல்லவரோ தீயவரோ, துண்டின் வலிமை மாறவில்லை.

கொத்மலைக்கு அயலிலுள்ள மடக்கும்புரைத் தோட்டத்திற் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றத்துக்குத் தெரிவான சி. வி. வேலுப்பிள்ளை இதனை உள்ளிருந்து அறிந்தவர். அவரது ‘வீடற்றவன்’ (1981) நாவலில், தொழிற்சங்கம் அமைக்க முற்படும் இராமலிங்கம் வேலையை இழக்கிறான். வேலையோடு பிணைக்கப்பட்ட லயக்காம்பராவும் கைவிட்டுப் போகிறது. இங்கு கொடியவன் ஒருவனைத் தேடவேண்டியதில்லை, ஒழுங்குவிதியே போதுமானது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும், முன்னோர் இந்நாட்டிற் பிறந்தமைக்குச் சான்று கேட்டே, இலட்சக்கணக்கானோரை நாடற்றவராக்கியது. தோட்ட அலுவலகம் ஒரு குடும்பத்துக்குச் செய்ததை அரசு ஒரு மக்கட் கூட்டத்துக்குச் செய்தது எனலாம்.

கலைநயத்தில் வேலுப்பிள்ளையின் நாவல் ‘துன்பக்கேணி’க்கு ஈடாகாது. பாத்திரங்களின் அகவுலகினுட் புகும் ஆற்றல் புதுமைப்பித்தனுக்கே மிகுதி. ஆயினும், இவ்விரண்டையும் இணைத்துக் கற்பதே பொருத்தமுடையது. முன்னதை மட்டும் கற்கும் மாணவன் தோட்டத் தொழிலாளர்பால் இரக்கங் கொள்வான். அவர்களைப் பிணித்திருந்த ஏற்பாடு எத்தகையது என்பதை அறியாமலே விட்டுவிடுவான்.