கிளிப்புக்கு முந்தைய ஆறு ஆண்டுகள்

கோணல் பல்லுக்கு நம் மக்கள் அறிந்த வைத்தியம் ஒன்றுதான்: பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் கிளிப் போடுவது. அது நல்ல வைத்தியம். பல்லின்மேல் மெல்லிய விசையைத் தொடர்ந்து கொடுத்தால் ஒரு பக்கம் எலும்பு கரைகிறது, மறுபக்கம் புதிதாக உருவாகிறது, பல் நகர்கிறது. மேல், கீழ் கடைவாய்ப் பற்கள் பொருந்தும் விதத்தை வைத்து எட்வர்ட் ஆங்கிள் 1899இல் செய்த வகைப்பாடு இன்றும் பயன்படும் அளவுக்குப் பல் சீரமைப்புத் துறை உறுதியாக நிற்கிறது. ஆனால் ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் மாதந்தோறும் போய்க் கம்பியை முடுக்கிக்கொள்ள வேண்டும். கழற்றிய பிறகும் பல் பழைய இடத்துக்குத் திரும்பாமலிருக்க ரிடெய்னர் போட வேண்டும். நீலகிரி மலையின் கீழ் கோத்தகிரியில் கொழுந்து பறிக்கும் தாய்க்கு ஒவ்வொரு பயணமும் ஒரு நாள் கூலி. கோத்தகிரி, குன்னூர் போவதே அப்படி. தாடை அறுவை என்றால் மேட்டுப்பாளையம் இறங்கிக் கோவைக்குப் போக வேண்டும். நீலகிரி மாவட்டத்தில் பல் மருத்துவக் கல்லூரி கிடையாது. பாதியில் நின்றுபோன கிளிப் போட்ட பணத்தையும் வீணாக்கும், கம்பியைச் சுற்றி சொத்தையையும் விட்டுச் செல்லும்.

கிளிப்பின்மேல் ஊரார் சொல்லும் பெரிய குறை வேறு: நல்ல பல் நான்கைப் பிடுங்குகிறார்கள் என்பது. மேல்பல்லை எடுத்தால் கண் பார்வை போய்விடும் என்ற அச்சமும் கூடவே வரும். பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. அந்த அச்சத்துக்கு ஆதாரமில்லை. பிடுங்குவது பற்றிய கேள்வி மட்டும் நியாயமானது. ஆங்கிளே அதைக் கடுமையாக எதிர்த்தார். ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் மண்டையோடுகளை ஆராய்ந்த பெக் என்ற பல் சீரமைப்பு மருத்துவர், கரடுமுரடான உணவில் பற்கள் தேய்ந்து ஒடுங்கியதால்தான் அவர்களுக்கு இடம் போதியது, நம் பற்கள் தேய்வதில்லை, ஆகவே எடுத்துத்தான் இடம் உண்டாக்க வேண்டும் என்று 1954இல் வாதிட்டார். நெரிசல் மிகுந்த வாயில் இன்றும் அது தேவைப்படுகிறது. நான் குறை காண்பது பிடுங்குவதில் இல்லை. அந்த நெரிசல் முற்றும்வரை ஒருவரும் வாயைத் திறந்து பார்க்காததில்.

எல்லாம் பரம்பரை, பார்த்து என்ன ஆகப்போகிறது என்பார்கள். தாடையின் அளவிலும் அமைப்பிலும் பரம்பரைக்குப் பெரும் பங்கு உண்டுதான். ஆனால் சண்டிகர் பகுதியில் ஆய்வு செய்த ராபர்ட் கொருச்சினி, ஒரே இனத்துப் பஞ்சாபி மக்களில் கிராமத்து இளைஞரைவிட நகரத்து இளைஞரிடம் பல் பொருத்தக் கோளாறு மிகுந்திருப்பதை 1980களில் காட்டினார். மென்மையான உணவே காரணம் என்பது அவர் முடிவு. இதை வைத்து மலையில் பழைய உணவுக்குத் திரும்பச் சொல்வது அவசரம். ராகிக் களியை யாரும் மெல்வதில்லை, விழுங்குகிறோம். மூக்கடைப்பால் வாய் வழியே மூச்சு விடுவது, நான்கு வயதைத் தாண்டியும் விரல் சூப்புவது ஆகியவையும் காரணங்கள். இவற்றிலெல்லாம் நாம் உறுதியாகத் தடுக்கக்கூடியது, கேட்பாரற்றுக் கிடப்பது, பால்பல்லின் சொத்தை.

ஏழு வயதுப் பிள்ளையின் வாயைப் பாருங்கள். கடைசிப் பால் கடைவாய்ப்பல்லுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே, ஆறு வயதில் நிரந்தரக் கடைவாய்ப்பல் முளைத்திருக்கும். ஒன்றும் விழாததால் அதையும் பால்பல் என்றே வீட்டில் நினைப்பார்கள். முன்னால் உள்ள பால்பல் சொத்தையாகி வலிக்கிறது. விழப்போவதுதானே என்று பிடுங்கியாகிறது. தாங்கல் போனதும் பின்பல் மெல்ல முன்னால் சாய்ந்து அந்த இடைவெளியை அடைக்கிறது. பத்து, பதினொரு வயதில் அங்கே வரவேண்டிய பல்லுக்கு இடமில்லை. அது நாக்குப் பக்கம் திரும்புகிறது, அல்லது எலும்புக்குள்ளேயே சிக்குகிறது. பிடுங்கிய கையோடு பின்பல்லில் ஒரு வளையம் மாட்டி, அதிலிருந்து ஒரு கம்பியை இடைவெளிக்கு முன்னுள்ள பல்வரை நிறுத்தியிருந்தால் அந்த இடம் காக்கப்பட்டிருக்கும். சொத்தையைச் சிறிதாக இருக்கும்போதே அடைத்திருந்தால் அதுகூட வேண்டாம்.

சீக்கிரம் தொடங்குவதால் பயனில்லை என்று ஆய்வுகள் காட்டவில்லையா என்று கேட்கலாம். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நடந்த ஒப்பீட்டு ஆய்வுகள் எத்துப்பல் குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு முன்கூட்டியே சிகிச்சை தந்தன; முடிவில் பல் வரிசையில் பெரிய வேறுபாடு இல்லை, விழுந்து முன்பல் உடைவது மட்டும் குறைந்தது. இது எத்துப்பல்லுக்குச் சரி. எட்டு வயதில் எல்லாருக்கும் கருவி மாட்டச் சொல்லும் வணிகத்துக்கு இது தக்க மறுப்பும்கூட. ஆனால் இடம் காப்பதற்கும், கீழ்த்தாடையை ஒரு பக்கம் ஒதுக்கித் தள்ளும் குறுக்குக் கடிக்கும், வழி தவறும் வேட்டைப்பல்லுக்கும் அது பொருந்தாது. அண்ணத்துப் பக்கம் திரும்பிய 46 வேட்டைப்பற்களில், அங்கிருந்த பால் வேட்டைப்பல்லை எடுத்ததாலேயே 36 தம் வழிக்கு வந்ததாக ஆய்வாளர்கள் எரிக்சனும் குரோலும் 1988இல் எழுதினார்கள். அதைத் தவறவிட்டால் ஈறைக் கீறிச் சங்கிலி மாட்டி இழுக்க வேண்டும்.

2013இல் தொடங்கிய ராஷ்டிரிய பால் ஸ்வஸ்த்ய கார்யக்ரம் என்ற மத்திய அரசின் குழந்தை நலத் திட்டம் பிறந்த குழந்தை முதல் பதினெட்டு வயதுவரை பரிசோதிக்கிறது. அதன் பட்டியலில் பிளவு உதடும் அண்ணமும் உண்டு, பல் சொத்தையும் உண்டு. பல் பொருத்தக் கோளாறு இல்லை. பள்ளிக்கு வரும் அதன் குழு எப்படியும் வாயைப் பார்க்கிறது. கடித்துக் காட்டச் சொல்லித் தாடை ஒதுங்குகிறதா என்று பார்ப்பதற்கும், பால்பல் பிடுங்கிய இடம் சுருங்குகிறதா என்று பார்ப்பதற்கும், பத்து வயதில் உதட்டைத் தூக்கி வேட்டைப்பல்லின் மேட்டை விரலால் தடவுவதற்கும் கூடுதலாக ஒரு நிமிடம் போதும். அந்த மூன்றையும் படிவத்தில் சேர்த்து, தேறாத பிள்ளையை அரசு மருத்துவமனைப் பல் மருத்துவரிடம் அனுப்பினால், கீழ் கோத்தகிரியிலிருந்து கோவை போகவேண்டிய பிள்ளைகள் குறைவார்கள்.