கண்டிக் கத்தியும் நம்மூர்ப் பாக்குவெட்டியும்

2023 டிசம்பரில் நெதர்லாந்து இலங்கைக்குத் திருப்பிக் கொடுத்த ஆறு பொருள்களில், மாணிக்கக் கல் பதித்த லெவ்கே பீரங்கிதான் பத்திரிகைகளில் பெரிய படமாக வந்தது. கூடவே இரண்டு வாள், இரண்டு துப்பாக்கி, ஒரு கத்தி. 1765இல் டச்சுக் கம்பெனிப் படை கண்டி அரண்மனையைச் சூறையாடி அள்ளிப்போனவை இவை. அதே கம்பெனி 1613இலேயே பழவேற்காட்டில் கெல்த்ரியா கோட்டையைக் கட்டி உட்கார்ந்திருந்தது. கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே உள்ள ஆரம்பாக்கத்துக்காரர்களுக்கு அது தங்கள் ஏரியையே பார்த்திருக்கிற ஊர். எனக்கென்னவோ அந்தப் பீரங்கியைவிடக் கத்திதான் பெரிதாகப் படுகிறது. வாளும் பீரங்கியும் பகட்டாக இருப்பதில் என்ன அதிசயம்? சீவவும் நறுக்கவும் உள்ள ஒரு கைக்கருவிக்கு எதற்கு இவ்வளவு இழைப்பு?

இழைத்துச் செய்த கண்டிக் கத்தியைச் சிங்களத்தில் பிஹா கெத்த என்பார்கள். தடித்த முதுகும் ஒருபக்கக் கூரும் கொண்ட கனமான அலகு. பிடியை ஒட்டிய அடிப்பகுதியிலும் முதுகுநெடுகிலும்தான் வேலைப்பாடு. கொல்லர் அடித்துத் தந்த இரும்பில் சிற்றுளியால் கொடி கொடியாகப் பள்ளம் வெட்டுவார்கள். பள்ளத்தின் வாயைவிட அடி சற்று அகலமாக இருக்க வேண்டும், சூட்சுமம் அதில்தான். வெள்ளிக் கம்பியையோ பித்தளைக் கம்பியையோ உள்ளே வைத்துத் தட்டினால் அது அடியில் பரந்து பிடித்துக்கொள்ளும். பிறகு அரம் போட்டு மட்டமாக்கி மெருகேற்றினால், கறுத்த இரும்பின்மேல் வெள்ளைக் கொடி ஓடும். பிடி தந்தம், கொம்பு, அபூர்வமாகப் படிகக்கல். அரசருக்கென்றே இயங்கிய ‘பட்டல் ஹதர’ என்னும் நான்கு பட்டறைகள் இத்தகைய நுண்வேலைக்குப் பேர்போனவை. அரசர் கையால் ஒரு பிரதானிக்குக் கிடைத்த கத்தி, அவர் இடுப்பில் இருந்தபடியே அவருடைய தகுதியைச் சொல்லிவிடும்.

1815இல் கண்டி அரசு விழுந்ததும் இந்தப் பட்டறைகளுக்குச் சோறு போட ஆளில்லை. அந்த வேலைமுறைகளைப் பட்டறை பட்டறையாகப் போய்க் கேட்டு எழுதியவர் ஆனந்த குமாரசுவாமி. கொழும்பில் பிறந்த தமிழர், தாய் ஆங்கிலேயர், படித்ததோ நிலவியல். இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய அவருடைய நூல் 1908இல் 425 பிரதிகள் மட்டும் வந்தது. ஆங்கிலேயக் கைவினைக் கலைஞர் வில்லியம் மோரிஸ் பயன்படுத்திய அதே கையச்சில் அடித்தது. கைவேலையைப் பற்றிய புத்தகம் கைவேலையாகவே இருக்க வேண்டும் என்ற பிடிவாதம்!

நம் பக்கம் வருவோம். தமிழ்நாட்டுப் பாக்குவெட்டியை எடுத்துக்கொண்டால் அலங்காரம் வேறு வழியில் போகிறது. கைப்பிடியே கிளியாகிவிடும், குதிரையாகிவிடும், கட்டித் தழுவிய தம்பதியாகிவிடும். பித்தளை என்றால் மெழுகு கட்டி வார்ப்பார்கள். உளிக்கு மிஞ்சியது கண், இறகு, விளிம்பில் சில வட்டப்புள்ளிகள். கண்டியார் கருவியின் தோல்மேல் எழுதுகிறார். நம்மவர் கருவியின் உடம்பையே உருவமாக்குகிறார். பதிக்கும் வேலை தெரியாமையால் வந்த வித்தியாசம் அல்ல இது. செம்புத்தகட்டில் வெள்ளி உருவங்களைப் பொருத்தும் தஞ்சாவூர்த் தட்டே அதற்குச் சாட்சி. தஞ்சை அரண்மனை ஆயுதசாலையிலிருந்த அங்குசங்களிலும் கட்டாரிகளிலும் எஃகையே குடைந்து யாளியும் மயிலும் செய்திருக்கிறார்கள். 1860களில் அந்த ஆயுதக் குவியலில் நல்லவை சென்னை அருங்காட்சியகத்துக்குப் போக, மிச்சத்தின் பெரும்பகுதியைப் பழைய இரும்பாக விற்றுத் தீர்த்தது வெள்ளைக்காரர் நிர்வாகம்.

இரண்டு கரையும் நெருங்குகிற இடம் ஒன்று உண்டு: ஓலை எழுதுகிறவரின் கருவி. ஓலையைச் சீவக் கத்தி, எழுத எழுத்தாணி. கண்டியில் இரண்டும் ஒரே உறைக்குள் பக்கம் பக்கமாகச் செருகி இருக்கும். இங்கே மடக்கெழுத்தாணியில் ஒரு பிடியின் இரு முனையிலும் மடங்கிக்கொள்ளும். அங்கே உறைக்குக்கூட வெள்ளித் தகடு. இங்கே சட்டைப்பையில்லாத காலத்து மனிதர் மடியில் முடிந்துகொள்ளத் தோதான அளவு. நமக்குத் தோது முந்தி, பகட்டு பிந்தி என்று நினைக்கத் தோன்றுகிறது. கோயில் விளக்கையும் சங்கிலியையும் பார்த்தால் அந்த நினைப்பும் நிற்காது. காசு கொடுத்தவர் யார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது என்பது என் எண்ணம். கண்டியில் கத்திக்கு அரசர் கொடுத்தார். பாக்குவெட்டி பெரும்பாலும் வெற்றிலைப் பெட்டியோடு வீட்டில் புழங்கிய சாமான். அதற்குக் கிளிமூக்கு போதும்.

கண்டிப் பக்கம் நத்தரம்பொத்த கலாபுரவில் உலோக வேலை இன்றும் நடக்கிறது, வாங்குவோரில் சுற்றுலாப் பயணிகள் நிறைய. தமிழ்நாட்டில் உளி பிழைத்திருப்பது பாத்திரக்கடை வாசலில், எவர்சில்வர் குடத்தில் ‘பேர் வெட்டுகிற’ கையில். ஐ.டி.ஐ. ஃபிட்டர் பையன் தன் சுத்தியலில் லெட்டர் பஞ்ச் (எழுத்து அச்சு) வைத்து அடிக்கும் இரண்டு எழுத்தையும் இதோடு சேர்க்கலாம். அலங்காரம் போய், உரிமைக்காரன் பெயர் மட்டும் நின்றுவிட்டது.

ஆரம்பாக்கத்திலிருந்து நெடுஞ்சாலையில் தெற்கே இறங்கினால் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை. அங்குள்ள உருக்காலைகளுக்குப் பழைய இரும்புதான் தீனி. அரிவாளும் அரிவாள்மனையும் எந்த வீட்டுடையது என்று அந்த உலை கேட்பதில்லை. உருகி, வார்ப்பாகி, முறுக்குக் கம்பியாக வெளியே வருகிறது. கம்பியில் தயாரிப்பாளரின் அடையாளம் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணய விதி, ஐ.எஸ். 1786. அதற்காக உருட்டாலை உருளையின் பள்ளத்தில் பெயரைத் தலைகீழாக, கண்ணாடி எழுத்தாகக் குடைகிறார்கள். செந்நிறக் கம்பி ஓடஓட அந்தப் பெயர் கம்பியில் புடைத்து விழுகிறது. இந்த வட்டாரத்தின் உலோகச் சித்திரவேலை என்று இப்போது யாராவது கேட்டால் நான் அந்த உருளையைத்தான் காட்டுவேன். பள்ளம் தேய்ந்ததும் உருளையைத் திரும்பக் கடைந்து எழுத்தை மறுபடி வெட்டுவார்கள்.